கமலாசனியின் பின்சில்லு

மேற்கு ஜெர்மனி
12.10.1987

அன்புள்ள அக்கா,

இரண்டு வருஷமாக ஒழுங்காக எழுதாதவன் திடீரென்று ஒரு சைக்கிள் ஹப்பைப் பற்றி எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். ஆனாலும் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கோப்பாயிலிருந்து அப்பா எழுதியிருந்தார். நீங்கள் கெலிஓயாவில் பாயிஸா அக்காவின் வீட்டு அறையிலேயே இருக்கிறீர்களாம். அரசாங்க மருத்துவிச்சி வேலைக்காகக் கர்ப்பிணிகளைப் பார்க்க வீடு வீடாக நடந்தே திரிகிறீர்களாம். சைக்கிளைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டீர்களாம். "அவளுக்கு ஒரு நாளைக்கு எட்டு மைல் நடை" என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

எங்கள் அகதி விடுதியில் நிலத்துக்குக் கீழே ஓர் அறை உண்டு. ஊர்ச்சனம் வேண்டாமென்று தந்த சைக்கிள்களை அங்கே குவித்திருக்கிறார்கள். எனக்கு இங்கே வேலை செய்ய அனுமதியில்லை. அதனால் பகல் முழுவதும் அந்தக் குவியலுக்குள் இருந்து சைக்கிள் திருத்துகிறேன். போன கிழமை ஒரு மடிக்கும் சைக்கிள் கிடைத்தது. இருபது அங்குலச் சின்னச் சில்லு. பின்சில்லின் நடுவே இருக்கிற ஹப்பில் இரண்டு கியர் இருக்கிறது. ஆனால் கம்பியும் இல்லை, மாற்றும் பிடியும் இல்லை. வேகம் கூடினால் ஹப்புக்குள் இருக்கிற சின்ன எடைகள் தாமாக வெளியே விரிந்து கியரை மாற்றுகின்றன. வேகம் குறைந்தால் தாமாகவே பழையபடி சுருங்குகின்றன. பிரேக்கும் உள்ளுக்குள்தான். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நிற்கும்.

அதை ஓட்டிக்கொண்டு எங்கள் மாவட்டத்து எல்லைப் பலகை வரைக்கும் போனேன். அதைத் தாண்ட எனக்கு அனுமதியில்லை. பனிமூட்டம். ஆற்றங்கரை மரங்கள் வேரில்லாமல் மிதப்பது போலிருந்தது. ஓர் இடத்தில் சத்தமே இல்லாமல் பெடல் கொஞ்சம் கனத்தது, சைக்கிள் முன்னுக்கு நழுவியது. இது உங்களுக்கு என்று அப்போதுதான் பட்டது.

அனுப்பட்டுமா?

உங்கள் தம்பி
பரமநாதன்

*

கெலிஓயா
2.12.1987

தம்பி,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது. எட்டு மைல் இல்லை, ஆறு.

இரண்டு வருஷத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்தது ஒரு வாழ்த்து அட்டை. அதில் ஜெர்மன் மொழியில் என்னவோ அச்சடித்திருந்தது. கீழே உன் பெயர் மட்டும்.

சைக்கிளை ஏன் விட்டேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் இடது கையால் பிரேக்கைப் பிடிக்க முடியாது. வலது கைப் பிரேக்கை மட்டும் நம்பித் தவுலகலப் பக்கத்து இறக்கத்தில் போனேன். ஒரு நாள் தேயிலைத் தோட்டத்து வடிகானுக்குள் விழுந்து எழும்பினேன். அதன் பிறகு நடக்கிறேன். நடப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீ சொல்வது பொம்மைச் சாமான் மாதிரி இருக்கிறது. இங்கே ஏற்றங்கள் எப்படியென்று உனக்கு மறந்திருக்கும். அனுப்புவதானால் அனுப்பு. பாயிஸாவின் தம்பி நளீர் இரத்தினக்கல் வியாபாரத்துக்காக தை மாதம் ஜெர்மனிக்கு வருகிறார். அவர் தங்குமிடத்தின் விலாசம் பின்பக்கத்தில்.

கமலாசனி

*

மேற்கு ஜெர்மனி
17.1.1988

அன்புள்ள அக்கா,

நளீர் நானாவின் விலாசத்துக்கு ஹப்பைத் தபாலில் அனுப்பிவிட்டேன். என்னிடம் வரச் சொன்னால் அவருக்கு ஆறு மணித்தியால ரயில். அவரிடம் போக எனக்கு அனுமதியில்லை.

ஒரு விஷயம் கவனமாகப் பார்க்க வேண்டும். பெடல் எத்தனை தரம் சுற்றுகிறது என்பது இந்த ஹப்புக்குத் தெரியாது. சில்லு எத்தனை தரம் சுற்றுகிறது என்றுதான் அதற்குத் தெரியும். நிமிஷத்துக்கு ஏறத்தாழ நூற்று முப்பது சுற்று வந்தால் மேல் கியருக்குப் போகும். இருபது அங்குலச் சில்லுக்கு அது மெதுவான வேகம். உங்களுடைய இருபத்தெட்டு அங்குலச் சில்லில் அதே நூற்று முப்பதைத் தொட மணிக்குப் பதினேழு கிலோமீற்றர் போக வேண்டும்.

அந்த வேகத்தில் உங்கள் கால் எத்தனை தரம் சுற்ற வேண்டும் என்பதைப் பின்பக்கத்துப் பல்லுச்சில்லுத்தான் தீர்மானிக்கும். ஹப்போடு வந்தது பதினெட்டுப் பல்லு. இருபத்திரண்டு பல்லு ஒன்றும் தேடி எடுத்து அதே பொதியில் வைத்திருக்கிறேன். பல்லுக் கூடினால் ஏற்றம் இலேசு, ஆனால் சமதரையில் கால் வேகமாகச் சுற்றினால்தான் கியர் மாறும். பல்லுக் குறைந்தால் கியர் கெதியாக மாறும், ஏற்றம் பாரம். முதலில் பதினெட்டைப் போட்டுப் பாருங்கள். முழங்கால் நோகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று எழுதுங்கள். அதை வைத்து நான் கணக்குப் பார்க்கிறேன்.

இங்கே பனி கொட்டுகிறது. ஊரே பஞ்சுப் பொதிக்குள் வைத்தது போலச் சத்தமற்றுக் கிடக்கிறது. படுக்கையில் கிடந்தபடி கெலிஓயாவிலிருந்து பேராதனைப் பாலம் வரைக்கும் சைக்கிள் ஓட்டிப் போகிறேன். வழியில் ஒருவரும் இல்லை. பாலத்தைத் தொட முன்னம் நித்திரை வந்துவிடுகிறது.

தம்பி பரமன்

*

கெலிஓயா
20.4.1988

தம்பி,

ஹப் வந்து சேர்ந்தது. சில்லாகப் பூட்டத்தான் இவ்வளவு நாளும் எடுத்தது.

சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற முஹைதீன் நானாவிடம் கொண்டு போனேன். அவர் அதைக் காதோடு வைத்து உருட்டிப் பார்த்தார். "மிஸ், இதுக்கு முப்பத்தாறு ஓட்ட ஈக்கி. நம்மட பின் ரிம்முக்கு நாப்பது. மிச்சம் நாலு கம்பிய நான் எங்க கொண்டு போய்ச் செருக?" என்றார். கண்டியில் நாலு கடை ஏறி இறங்கி முப்பத்தாறு துளை ரிம் ஒன்று எடுத்தோம். கம்பி கட்டிச் சில்லை நேராக்க அவருக்கு இரண்டு நாள் போனது. கம்பியில்லாத கியரை அவர் இன்னும் நம்பவில்லை. "உள்ளுக்க ஜின் ஈக்கோ" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பதினெட்டைப் போட்டு ஓடினேன். பள்ளிவாசலைத் தாண்டியதும் கியர் மாறுகிறது. ஏற்றத்தில் பாதி வழியில் இறங்கித் தள்ளினேன். முழங்கால் நோகிறது. மூச்சு வாங்குகிறது. நீ கேட்ட இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டேன்.

பின்பக்கமாக மிதித்தால் நிற்பது நல்லது. அது பொம்மைச் சாமான் இல்லை.

கமலாசனி

*

மேற்கு ஜெர்மனி
29.5.1988

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

இருபத்திரண்டைப் பூட்டச் சொல்லுங்கள். ஒரு வளையத்தைக் கழற்றினால் பழையது வெளியே வரும், பத்து நிமிஷ வேலை. சங்கிலி கொஞ்சம் நீளம் வேண்டும்.

முன்பல்லு நாற்பத்தாறு. பின்னால் பதினெட்டென்றால் நிமிஷத்துக்கு ஐம்பத்தொரு தரம் கால் சுற்றும்போது கியர் மாறும். இருபத்திரண்டென்றால் அறுபத்திரண்டு. உங்களுக்கு இயல்பாக வருவது எவ்வளவென்று தெரிந்தால் சரியான எண்ணைச் சொல்லலாம். சமதரையில் போகும்போது ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளையின் துடிப்பை மணிக்கூட்டோடு எண்ணிப் பழகியவர் நீங்கள். உங்களுக்கு இது பெரிய வேலையில்லை.

நீண்ட இறக்கத்தில் அந்தப் பிரேக் சூடாகும். கிரீஸ் மணந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

பரமன்

*

கெலிஓயா
14.8.1988

தம்பி,

எண்ணினேன். சந்தியிலிருந்து பாலப் பக்கமாகப் போகும் நேர் வீதியில் மூன்று நாள் எண்ணினேன். ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. அதற்கு மேல் மிதித்தால் தையல் மெஷின் ஓட்டுவது போலிருக்கிறது, சனம் திரும்பிப் பார்க்கிறது. எப்படியும் பார்க்கிறதுதான். சேலையோடு சைக்கிள் ஓடுகிற பெண்ணை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை. இங்கே ஐந்து வருஷமானாலும் பார்க்கிறார்கள்.

ஆனால் இருபத்திரண்டைப் பூட்டிய பிறகு ஏற்றம் முழுவதும் இறங்காமல் போனேன். இரண்டு தரம். அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. காலை ஏழு மணிக்கு மலையெல்லாம் மூடியிருந்தது. முன்னுக்குப் பத்து முழந்தான் தெரிந்தது. தேயிலை மட்டத்துக்கு மேலே ஆட்களின் தலைகள் மட்டும் நகர்ந்தன. யாரோ "மிஸ் போறாங்க" என்றார்கள், யாரென்று தெரியவில்லை. மேலே வளைவைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சத்தம். டிக். பிறகு காலுக்கு வேலையே இல்லை. மேகத்துக்குள்ளே இறங்குகிறேனா, மேகந்தான் என்னோடு இறங்குகிறதா என்று தெரியாமல் போனேன். கிரீஸ் மணந்தபோதுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. மலையூற்றுப் பீலித்தண்ணீர் ஓடும் இடத்தில் நிறுத்திவிட்டு நின்றேன். காரணமில்லாமல் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பாயிஸா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்காவைக் கூப்பிடுகிற அவர்களின் முறையில், "என்ன தாத்தா, நல்ல செய்தியா?" என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன்.

அக்கா

*

மேற்கு ஜெர்மனி
6.11.1988

அன்புள்ள அக்கா,

எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. இனி எல்லைப் பலகையைத் தாண்டலாம். முதல் நாள் தாண்டினேன். அந்தப் பக்கமும் அதே வயல்தான். ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் இங்க்ரித் என்ற அம்மா எனக்கு வேலை தந்திருக்கிறா.

ஐம்பத்தாறு என்று எழுதியிருந்தீர்கள். நாற்பத்தாறுக்கு இருபது பல்லுப் போட்டால் கியர் மாறுகிற இடம் சரியாக ஐம்பத்தாறில் வருகிறது. கணக்குப் போட்டு முடித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உங்களுக்கென்றே செய்த எண் மாதிரி. இருபது பல்லுச் சில்லு ஒன்றை இத்தோடு அனுப்புகிறேன். சமதரையில் கியர் தானாக மாறும், ஏற்றம் கொஞ்சந்தான் பாரமாகும்.

இன்னொன்று. நீங்கள் இங்கே வந்துவிட்டால் என்ன? வழியிருக்கிறது, நான் விசாரித்தேன். நம் நாட்டுச் செய்தியைத் தொலைக்காட்சியில் காட்டும்போது இங்க்ரித் சத்தத்தைக் குறைத்துவிடுகிறா. வடக்கில் இந்திய ஆமி, தெற்கில் அரசாங்கத்தோடு சிங்கள இளைஞர்களின் சண்டை. கண்டிப் பக்கம் ஆட்கள் காணாமல் போவதாகச் சொல்கிறார்கள். இங்கே ஆற்றோரம் முழுவதும் சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கிறது. ஒரு ஏற்றமும் இல்லை.

பரமன்

*

மேற்கு ஜெர்மனி
27.8.1989

அக்கா,

தை மாதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தையில் வந்ததும் இரண்டே வரி: சில்லுக் கிடைத்தது, வரமாட்டேன். நான் கேட்டது பிழையென்றால் மன்னித்துவிடுங்கள். நான்கு கடிதம் போட்டேன். தபால் வேலை நிறுத்தம் என்கிறார்கள், ஊரடங்கு என்கிறார்கள். நளீர் நானாவின் விலாசத்துக்கும் எழுதினேன்.

நேற்றுக் கனவில் நீங்கள் சைக்கிளில் போனீர்கள். பின்னால் நான் ஓடிவந்தேன். ஒவ்வொரு தரம் நெருங்கும்போதும் கியர் மாறியது.

இருபது சரியாயிருக்கிறதா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

பரமன்

*

கெலிஓயா
8.10.1989

தம்பி,

உயிரோடிருக்கிறேன். உன் கடிதங்கள் ஐந்தும் ஒரே நாளில் வந்தன.

இங்கே நடந்ததையெல்லாம் எழுத முடியாது. கடையைப் பூட்டு, பஸ்ஸை ஓட்டாதே, அரசாங்க வேலைக்குப் போகாதே என்று மதிலில் துண்டுப்பிரசுரம் ஒட்டுவார்கள். அடுத்த நாள் வேறு ஆட்கள் வந்து கடையைத் திற என்பார்கள். பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் மிதப்பதைப் பார்க்காமல் போகப் பழகிவிட்டோம். ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன்.

ஆவணி நடுப்பகுதி. காலையில் அழகர் என்பவர் மேல் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். "அம்மா, வாங்கம்மா. மாரியாயிக்கு விடியக்காலையிலேருந்து வலி. பஸ்ஸும் இல்ல, தோட்டத்து லொறியும் இல்ல. தூக்கிட்டு வரலாம்னா வழியில என்ன ஆவுமோ" என்றார். போகாதீர்கள் என்று பாயிஸா கதவை மறித்துக்கொண்டு நின்றா. முதல் நாள்தான் எங்கள் சந்தியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. நான் பையை எடுத்துச் சைக்கிளில் கட்டினேன். அழகர் தேயிலைக்குள்ளால் குறுக்குப் பாதையில் ஏறினார், நான் வண்டிப் பாதையில் போனேன்.

இரண்டாம் வளைவில் மூன்று பையன்கள் நின்றார்கள். முகத்தில் துணி. ஒருவனிடம் துவக்கு. எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். சொன்னேன். அரசாங்க வேலை நிறுத்தம் என்று தெரியாதா என்றான். தெரியும், பிள்ளைக்குத் தெரியாது என்றேன். சைக்கிளைப் பிடித்திருந்தவன் குனிந்து பார்த்து, "இதில் கம்பி எங்கே? எப்படி நிறுத்துகிறாய்?" என்று கேட்டான். விளக்கினேன். அவன் பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றினான். சில்லு வேகம் பிடித்தது. டிக். திரும்பவும் சுற்றினான். மற்றவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோனான். மூடுபனிக்குள்ளே மூன்று தலைகள் ஒரு சில்லைச் சுற்றிக் குனிந்து நின்றன. எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு ஒருவன் என்னைப் பார்க்காமலே, "போ" என்றான்.

ஏறினேன். ஓரிடத்திலும் இறங்கவில்லை.

பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. வலது கையால் கொடியைத் தளர்த்த வேண்டும், இடது கையில் தலையைத் தாங்க வேண்டும். என் இடது கை விரல்கள் முழுதாக விரியாது, முழுதாக மடங்காது. நடுவில் நிற்கும். அந்தக் குழிக்குள் தலை அசையாமல் இருந்தது. பொம்பிளைப் பிள்ளை. அழக் கொஞ்சம் நேரமெடுத்தது. பிறகு லயத்து வரிசை வீடுகள் முழுவதும் கேட்க அழுதது.

இறங்கி வரும்போது பையன்கள் அங்கே இல்லை. பீலியடியில் நின்று கையைக் கழுவினேன். அப்போதுதான் உன்னை நினைத்தேன், கோபமும் வந்தது. அதையும் எழுதுகிறேன்.

எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறாய். முழங்காலைக் கேட்டாய், மூச்சைக் கேட்டாய், காலை எண்ணச் சொன்னாய். கையே தேவையில்லாத ஹப் ஒன்றைக் குவியலுக்குள் தேடி எடுத்து, கடல் கடந்து அனுப்பினாய். என் கை என்று ஒரு வார்த்தை நீ எழுதவில்லை.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கண்டி மஹய்யாவ வீட்டுப் பின்மதிலில் நீதான் முதலில் ஏறிக் குதித்தாய். எனக்குப் பின்னால் முன்கதவை உடைக்கிறார்கள். மதில்மேல் பதித்திருந்த கண்ணாடிப் போத்தல் ஓட்டில் என் இடது கை மாட்டிக்கொண்டது. பரமா நில்லடா என்று கூப்பிட்டேன். நீ ரயில் பாதைப் பக்கம் ஓடினாய். அடுத்த வீட்டுச் சிங்களத் தையல்காரரும் மனைவியுமாகத்தான் என்னைத் தூக்கி இறக்கினார்கள். உன் மனம் ஆற வேண்டுமென்பதற்காக நான் கூப்பிடவில்லையென்று சொல்ல மாட்டேன். கூப்பிட்டேன்.

ஆனால் என் கோபம் அதில் இல்லை. அந்த நேரத்தில் நீ நின்றிருந்தால் இரண்டு பேரும் செத்திருப்போம். அகதி முகாமில் பதினொரு நாள் நீ எனக்குப் பக்கத்தில் இருந்தாய். கட்டுப் போட்ட கையால் சோற்றுக் கோப்பையைப் பிடிக்க முடியாமல், ஒற்றைக் கையால் பிசையவும் முடியாமல் இருந்தேன். நீ அந்தப் பக்கமே திரும்பவில்லை. என்ன நடந்தது, நோகிறதா என்று கேட்கவில்லை. பிறகு யாழ்ப்பாணம் போனாய். பிறகு ஜெர்மனி.

எனக்கு அங்கே வரத் தேவையில்லை. என்னுடைய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.

அக்கா

*

மேற்கு ஜெர்மனி
2.11.1989

அக்கா,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு கிழமை வேலைக்குப் போய் வந்தேன். இங்க்ரித் என்னவென்று கேட்டா. அக்காவின் கடிதம் என்றேன். வேறொன்றும் சொல்ல என்னிடம் ஜெர்மன் இருக்கவில்லை.

கேட்டது. நில்லடா என்றது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். உங்கள் கையைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். முகாமில் திரும்பாததற்குக் காரணம் அதுதான். அந்தக் கையைத் திரும்பவும் பார்த்தால் நான் ஓடியது உண்மையாகிவிடும் என்று இருந்தது. பார்க்காதவரைக்கும் அது கனவு மாதிரி. ஆறு வருஷம் அப்படியே இருந்துவிட்டேன்.

இனிக் கேட்கிறேன். உங்கள் இடது கை எப்படியிருக்கிறது? எந்தெந்த விரல் மடங்கும்? வெட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? என்ன தையல் போட்டார்கள்? சோற்றை எப்படிப் பிசைகிறீர்கள்? சேலைக் கொய்யகத்தை எப்படிச் செருகுகிறீர்கள்? மழை நாளில் நோகுமா?

பரமன்

*

கெலிஓயா
10.12.1989

அன்புள்ள தம்பி,

இருபதுதான் சரியென்று உன் கணக்குச் சொல்கிறது. கணக்குப் பிழையில்லை. பூட்டிப் பார்த்தேன், நேர் வீதியில் நீ சொன்ன இடத்திலேயே மாறியது. ஆனால் பழையபடி இருபத்திரண்டையே போட்டுவிட்டேன். சமதரையில் கியர் மாறாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. என்னைத் தேடுகிற ஆட்கள் ஏற்றத்தில்தான் இருக்கிறார்கள். இதில் முஹைதீன் நானாவுக்கு வருத்தம். அவருக்கு இன்னும் பதினெட்டில்தான் நம்பிக்கை.

இனி நீ கேட்டது. வெட்டு ஆள்காட்டி விரலுக்குக் கீழே தொடங்கி, உள்ளங்கையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் இப்பால் முடிகிறது. பதினேழு தையல். பெருவிரலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆள்காட்டி விரல் பாதி மடங்கும். நடுவிரலும் மோதிர விரலும் கொக்கி மாதிரி நின்றபடியே நிற்கும். சின்ன விரலில் உணர்ச்சி இல்லை. சுடுகிற கேத்தலில் பட்டுப் பொக்குளம் வந்த பிறகுதான் தெரியும். சோறு வலது கையால்தான், சோற்றுக் கோப்பை நகராமல் பாயிஸா கதிரையோடு அண்டக் கொடுத்து வைப்பா. கொய்யகத்தைப் பல்லால் பிடித்துக்கொண்டு செருகுவேன். முதல் வருஷம் அதற்காக அழுதிருக்கிறேன். இப்போது இல்லை.

மழை நாளில் நோகும். மூன்று நாளாக இங்கே நல்ல மழை.

அக்கா